சமர்ஹில் பாடசாலையில் நாங்கள் கண்டவை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பாடசாலையின் வரலாற்றைப் பேசுவதே முறை. ஆனால் அதை எங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே வேறொரு பாடசாலையைப் பற்றிச் சொல்ல அனுமதி கேட்டோம். அதற்கும் நூறு வயது கடந்துவிட்டது, 1921இல் தொடங்கியது. எமது பாடசாலைக்கும் அதற்கும் வயதைத் தவிர வேறெந்த ஒற்றுமையும் இல்லை என்றுதான் அங்கே போகும்வரை எண்ணியிருந்தோம்.

‘நாங்கள்’ என்று சொல்வது ஒரே வகுப்பில் படித்த நால்வரை. இருவர் வைத்தியர்கள், ஒருவர் கணக்காளர், மற்றவர் இலண்டனில் சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிப்பவர். சிறுபிள்ளை வைத்தியத்தில் எம்.டி. முடித்தபின் ஒரு வருடம் வெளிநாட்டில் பயிற்சி பெறவேண்டும் என்ற விதி இருக்கிறதல்லவா, அந்த வருடத்தில், ஏறத்தாழப் பத்து வருடங்களுக்கு முன், எல்லோரும் இங்கிலாந்தில் ஒன்று சேரும் வாய்ப்புக் கிடைத்தது. தமிழ் கற்பிக்கும் தோழிதான் சமர்ஹில் என்ற பெயரைச் சொன்னாள். “வகுப்புக்குப் போறதும் போகாததும் பிள்ளையின்ர விருப்பமாம். ஒருக்காப் பாத்திட்டு வருவம்” என்றாள். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பார்வையாளர் நாளொன்றில் போனோம்.

இலண்டன் லிவர்பூல் வீதி நிலையத்தில் புகையிரதம் ஏறி, இப்ஸ்விச்சில் மாறி, சாக்ஸ்மண்டம் என்ற சிறிய நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரில் லெயிஸ்ரன் என்ற ஊருக்குப் போகவேண்டும். சஃபோக் மாவட்டத்தின் கடலோரப் பக்கம். பெரிய வாயிற்கோபுரம், கொடிக்கம்பம், மகுட வாசகம் ஒன்றையும் அங்கே எதிர்பார்க்க வேண்டாம். செங்கல்லால் கட்டிய பழைய வீடொன்று, அதைச் சுற்றி மரங்கள், ஆங்காங்கே மரப்பலகைக் கட்டடங்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் நூறுக்கும் குறைவு. ஐந்து ஆறு வயதிலிருந்து பதினேழு வரை, பெரும்பாலோர் விடுதியில் தங்குபவர்கள். சீருடை கிடையாது.

முதலில் பார்த்ததைச் சொல்லிவிடுகிறோம். ஒரு பெரிய பீச் மரத்தில் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். குளிர் காலம், பாதிப்பேர் காலில் செருப்பும் இல்லை. வைத்தியர்களாகிய இருவரும் எந்தக் கை முதலில் முறியும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டோம். தாய்மாராகிய இருவரும் சளி பிடிக்குமே என்று பார்த்தோம். எங்களில் ஒருத்தி இங்கே சிரேஷ்ட மாணவத் தலைவியாக இருந்தவள். வாசலில் தாறுமாறாகக் கிடந்த சப்பாத்துகளை ஒழுங்காக அடுக்கத் தொடங்கிவிட்டாள். பிடித்து நிறுத்தினோம்.

சமர்ஹில்லை ஆரம்பித்தவர் ஏ. எஸ். நீல் என்ற ஸ்கொத்லாந்துக்காரர். 1883இல் பிறந்தவர். தகப்பனும் பாடசாலை ஆசிரியர். அந்தக் கால ஸ்கொத்லாந்துப் பாடசாலைகளில் பிரம்புக்குப் பதில் தோல்வார். இளம் ஆசிரியராக நீலும் அதைப் பாவித்தவர்தான். பின்னர் மனம் மாறி, 1921இல் ஜேர்மனியில் ட்றெஸ்டன் நகருக்கு அருகே ஒரு பாடசாலையில் இந்த முயற்சியைத் தொடங்கினார். அங்கிருந்து ஒஸ்ரியா, அதன்பின் இங்கிலாந்தின் தென்கரையில் லைம் றீஜிஸ். அங்கே வாடகைக்கு எடுத்த வீட்டின் பெயர்தான் சமர்ஹில். 1927இல் லெயிஸ்ரனுக்கு வந்தபோது வீட்டின் பெயரையும் கூடவே கொண்டு வந்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் இராணுவம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. பாடசாலை 1940இல் வேல்ஸ் மலைப்பகுதிக்கு இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின்தான் திரும்பியது. இதைக் கேட்டதும் நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இடம்பெயர்ந்த பாடசாலை என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

அங்கே நேரசூசி உண்டு. ஆனால் அது ஆசிரியருக்கானது. கணிதப் பாடம் காலை பத்து மணிக்கு என்றால் ஆசிரியர் கட்டாயம் அங்கே இருப்பார். பிள்ளை வந்தால் வரும். வேறு பாடசாலைகளிலிருந்து வரும் பிள்ளைகள் பல மாதங்கள் வகுப்புப் பக்கமே போகாமல் விளையாடித் திரிவார்களாம். மிக நீண்ட காலம், மூன்று வருடம், வகுப்புக்குப் போகாமல் இருந்தது கன்னியர் மடப் பாடசாலையிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை என்று நீல் எழுதியிருக்கிறார். (இங்கே மடத்துப் பாடசாலையில் படித்த மருமக்கள்மார் இருந்தால் மன்னிக்கவும்.) பரீட்சை எழுத விரும்புபவர்கள் எழுதலாம், அதற்கான வகுப்புகளும் உண்டு. எழுதாமல் போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

எங்களைச் சுற்றிக் காட்டியது பதினொரு பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள் இருவர். நீங்கள் படித்த இடத்தில் என்ன விளையாட்டு என்று கேட்டார்கள். வலைப்பந்து, எல்லே, கிளித்தட்டு என்று உற்சாகமாகச் சொன்னோம். எத்தனை மணிக்கு விளையாடுவீர்கள் என்பது அடுத்த கேள்வி. அதற்குத்தான் பதில் சிக்கலாக இருந்தது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு பின்னேரங்களில் ரியூசன் என்பதை ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? “பாடசாலை முடிந்ததும் இன்னொரு பாடசாலைக்குப் போவோம்” என்றோம். முதல் பாடசாலையில் ஆசிரியர் வரவில்லையா என்று கவலையோடு கேட்டார்கள்.

சிறு பிள்ளைகள் தங்கும் பகுதியை அவர்கள் ‘சான்’ என்று அழைத்தார்கள். ‘சானற்றோரியம்’ என்பதன் சுருக்கம். நோயுற்ற பிள்ளைகளுக்காக ஏற்பட்ட இடம் சின்னப் பிள்ளைகளின் இருப்பிடமாகிவிட்டது. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோயாளர் விடுதியிலேயே நாளைக் கழிக்கும் எங்களுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

இனி, அன்று நாங்கள் கண்ட கூட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். உண்மையில் இந்த உரையே அதற்காகத்தான்.

வாரத்தில் சில தடவைகள் முழுப் பாடசாலையும் ஒரு மண்டபத்தில் கூடுகிறது. மேசை வரிசை இல்லை. தரையிலும் படிக்கட்டிலும் இருக்கிறார்கள். தலைமை தாங்குவது ஒரு மாணவர். கையை உயர்த்தி, தலைவர் பெயர் சொன்னபின்தான் எவரும் கதைக்கலாம், அதிபர் உட்பட. ஆளுக்கு ஒரு வாக்கு. ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒன்று, அதிபருக்கும் ஒன்று. அப்போது அதிபராக இருந்தவர் நீலின் மகள் சோயி றெட்ஹெட். பார்வையாளர் இருக்கலாமா என்பதையும் கூட்டத்திடம்தான் கேட்டார்கள். கைகள் உயர்ந்தன, எங்களுக்கு அனுமதி கிடைத்தது. இப்படி ஒரு வாக்கெடுப்பில் வென்றது எங்கள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

முறைப்பாடு ஒன்று வந்தது. ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் எழுந்து, தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான ஒருவனைக் காட்டி, தன் சைக்கிளைக் கேளாமல் எடுத்துப்போய்ச் சேற்றில் போட்டுவிட்டான் என்றான். அழவில்லை, குரல் உயர்த்தவும் இல்லை. பெரியவன், அது எவரும் பாவிக்காத சைக்கிள் என்று நினைத்தேன் என்றான். பார்த்தவர்கள் இருவர் கதைத்தார்கள். ஒருத்தி, கழுவித் திருப்பிக் கொடுக்கவேண்டும், இன்று இனிப்புக்கு வரிசையின் கடைசியில் நிற்கவேண்டும் என்று பிரேரித்தாள். வாக்கெடுத்து முடிந்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பெரியவன் முகத்தில் எரிச்சல் இருந்தது உண்மை. ஆனால் அடுத்த விடயத்துக்கு அவனும் கை உயர்த்திக் கதைத்தான்.

பிறகு ஓர் ஆசிரியர் வேலைப்பட்டறையைப் பூட்டும் நேரம் பற்றி ஒரு பிரேரணை கொண்டுவந்தார். நியாயமான பிரேரணைதான். தோற்றுப்போனது. ஆசிரியர் தோளைக் குலுக்கிவிட்டு இருந்தார். “எங்கட ஸ்ராஃப் மீற்றிங்கில அதிபர் சொல்லி ஒண்டு தோத்ததைக் கண்டிருக்கிறியளோ?” என்று எங்களில் ஒருத்தி காதில் கேட்டாள். அதிபர் அவர்கள் மன்னிக்கவேண்டும். அது முந்திய காலத்தைப் பற்றிய பேச்சு.

சட்டமில்லாத இடம் என்று நினைத்துப் போனோம். அங்கே இருந்ததோ நூற்றுக்கணக்கான சட்டங்கள். நித்திரைக்குப் போகும் நேரத்துக்குக்கூடச் சட்டம், அதை நடைமுறைப்படுத்தவும் பிள்ளைகளே தெரிவான பொறுப்பாளர்கள். பிறரைப் பாதிக்காதவரை உன் விருப்பம், பாதித்தால் கூட்டத்துக்கு வா, இதுதான் அடிப்படை. ஆசிரியரை நியமிப்பது, பணம், உயிராபத்துள்ள பாதுகாப்பு விடயங்கள் ஆகியவை பெரியவர்கள் கையில். இந்த எல்லைக்கோட்டை நாங்கள் மெச்சினோம். ஆறு வயதுப் பிள்ளை தீயணைப்பு ஒழுங்கைத் தீர்மானிக்கவேண்டியதில்லை. தன் சைக்கிளைப் பற்றிக் கதைக்கத் தெரிந்தால் போதும்.

அங்கே கேட்ட இன்னொரு கதையும் உண்டு. 1999இல் அரசாங்கத்தின் பாடசாலைப் பரிசோதகர்கள் வந்து பார்த்து, பிள்ளைகள் பாடங்களுக்கு ஒழுங்காக வருவதில்லை என்று கடுமையாக எழுதினார்கள். நிலைமையை மாற்றாவிட்டால் பாடசாலை மூடப்படும் நிலை. பாடசாலை வழக்காடியது. 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலண்டனில் உயர் நீதிமன்றக் கட்டடத்தில் விசாரணை நடந்துகொண்டிருக்கையில் அரசாங்கத் தரப்பு இணக்கத்துக்கு வந்தது. அதை ஏற்பதா என்று யார் முடிவு செய்வது? நீதிமன்ற அறையிலேயே பிள்ளைகள் தங்கள் கூட்டத்தைக் கூட்டி, விவாதித்து, வாக்கெடுத்து ஏற்றுக்கொண்டார்கள். பாடத்துக்கு வருவது விருப்பம் என்ற நிலை காப்பாற்றப்பட்டது. அதன்பின் பரிசோதகர்கள் வந்தால் பிள்ளைகளின் கருத்தையும் கேட்கவேண்டும் என்றும் ஆனது.

திரும்பி வரும் வழியில், புகையிரதத்தில், நாங்கள் நால்வரும் சண்டை பிடித்தோம். கணக்காளர் சொன்னாள்: “காசு உள்ளவையின்ர பிள்ளையளுக்கு இது சரி. பரீட்சை இல்லாட்டி நாங்கள் எங்க நிண்டிருப்பம்?” இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சமர்ஹில் கட்டணம் வாங்கும் தனியார் பாடசாலை. ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்க வசதியில்லையே என்பது நீலுக்கே குறையாக இருந்தது. நமக்கோ 1945இலிருந்து இலவசக் கல்வி. சிபார்சு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, பெயரை மறைத்து இலக்கத்தை மட்டும் எழுதும் விடைத்தாளைப்போல நீதியானது வேறொன்றும் நம் நாட்டில் இருந்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இரவோடிரவாக வெளிக்கிட்டபோது, எங்கள் பைகளில் உடுப்புக்கு மேலே இருந்தது சாதாரண தரக் கொப்பிகள். அதற்கு முன்னரே ஐந்து வருடம் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். மண்ணெண்ணெய் வாங்க அம்மா காதில் கிடந்ததை விற்ற வீடுகளும் எங்கள் வகுப்பில் இருந்தன. பரீட்சை வேண்டாம் என்று இந்த மேடையில் நின்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அந்தப் பரீட்சைதான் எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

ஆனால் வைத்தியர்களாகிய நாங்கள் இன்று காண்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும் மாதங்களில் எங்கள் கிளினிக்குக்கு ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். வயிற்றுக்குத்து. தொப்புளைச் சுற்றி. காலையில் கூட, ஞாயிறு பின்னேரம் கூட. இரத்தம், சலம், ஸ்கான், எல்லாம் சரி. சிலருக்குத் தலையிடி, சிலர் தலைமயிரைப் பிடுங்குகிறார்கள், நான்கு வயதில் நின்ற படுக்கையில் சலம் போதல் மறுபடி தொடங்குகிறது. “நடிக்கிறாள் டொக்டர்” என்று தகப்பன் சொல்வார். நடிப்பில்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புத் தொடர்பு உண்டு; மனம் இறுகும்போது வயிறு உண்மையாகவே நோகும். பிள்ளை சொல்லும் நோ உண்மையான நோ.

இதில் எங்களை அதிகம் உறுத்துவது வேறொன்று. பிள்ளையைப் பார்த்து, “எங்கயம்மா நோகுது?” என்று கேட்டால் தாய் பதில் சொல்கிறார். எப்போதிருந்து என்று கேட்டாலும் தாய். பாடசாலை பிடிக்குமா என்றால், “ஓம், நல்லாப் பிடிக்கும், வகுப்பில மூண்டாம் பிள்ளை” என்பதும் தாய். பிள்ளை தாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும். தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டாலும் பல பிள்ளைகள் உடனே கதைப்பதில்லை. தன்னைப் பற்றித் தன்னிடம் கேட்கும் பழக்கம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. அப்படியான நேரங்களில் சமர்ஹில்லில் சைக்கிளைப் பற்றி எழுந்து நின்று சொன்ன பையன் நினைவுக்கு வருவான். அவனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரியுமோ தெரியாதோ. என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்தது. கேட்டவர்களும் அதைக் கணக்கில் எடுத்தார்கள்.

பரீட்சையை விட்டுவிட நம்மால் முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

ஓய்வுபெற்ற எங்கள் ரீச்சர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, “பிள்ளையளைக் கதைக்க விட்டால் பாடத்திட்டத்தை ஆர் முடிக்கிறது?” என்று கேட்டார். அவரிடமே ஒன்றை ஞாபகப்படுத்தினோம். இடம்பெயர்ந்து சாவகச்சேரிப் பக்கம் பின்னேர வகுப்பு நடந்த மாதங்களில், மாமரத்தின் கீழ், கரும்பலகை ஒன்று, வகுப்புகள் மூன்று. முதல்நாள் ரீச்சர் வந்து, “சொல்லுங்கோ பிள்ளையள், பலகை ஆருக்கு எப்ப?” என்றார். நாங்கள் கதைத்தோம், கொஞ்சம் சத்தமும் போட்டோம், கடைசியில் கை உயர்த்தி முடிவெடுத்தோம்: கணிதம் முதலில், ஏனெனில் அதற்குத்தான் பலகை கட்டாயம் வேண்டும், சமயமும் தமிழும் பலகை இல்லாமல். அந்த ஏற்பாட்டைப் பிறகு ஒருவரும் மீறவில்லை. பாடத்திட்டமும் முடிந்தது. ரீச்சர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அது அந்தரத்துக்குச் செய்தது பிள்ளை” என்றார். அந்தரத்துக்குச் செய்தது நன்றாகத்தான் வேலை செய்தது.

ஆகவே நூற்றாண்டு ஆண்டில் சங்கத்திடமும் அதிபர் அவர்களிடமும் இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது, ஆரம்பப் பிரிவில் மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம், வகுப்புக் கூட்டம். தலைமை ஒரு மாணவி, வாரத்துக்கு ஒருவராக மாறி மாறி. முதற்பிள்ளைகள் மட்டும் தலைவியாக வருவது கூடாது. ஆசிரியை பின்வாங்கில் இருந்து, கதைக்க வேண்டுமானால் கை உயர்த்தவேண்டும். தண்ணீர்ப் போத்தலைக் களவெடுத்தது, விளையாட்டில் சேர்க்காதது, மலசலகூடக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாதது, எதையும் பிள்ளைகள் கொண்டுவரலாம். தாழ்ப்பாள் போன்றவை பெரியவர்கள் செய்யவேண்டியவை. செய்யமுடியாவிட்டால் ஏன் என்று அடுத்த வாரம் வந்து சொல்லவேண்டும். ஒரு தவணைக்கு நடத்திப் பார்ப்போம். பயிற்சி தேவைப்பட்டால் எங்கள் வகுப்புத் தோழிகள் வரத் தயார். தமிழ் கற்பிப்பவள் ஆடி விடுமுறைக்கு வருகிறாள்.

இரண்டாவது, வாசலில் கட்டும் பதாகை. ஒவ்வொரு வருடமும் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படமும் புள்ளியும் போட்டுச் சங்கத்தின் பெயரால் கட்டுகிறோம். அதில் உள்ள பிள்ளைகள் மகிழ்ச்சியடைகிறார்கள், வாழ்த்துவோம். ஆனால் அதே வாசலால் அதே வகுப்பின் மிகுதிப் பிள்ளைகளும் தினமும் காலையில் வருகிறார்கள். பத்து வயது அவர்களுக்கு. பதாகை மழையில் நனைந்து நிறம் போகும்வரை அது தொங்குகிறது. இந்த வருடம் அந்தப் பதாகைக்கான பணத்தை ஆரம்பப் பிரிவு மலசலகூடத் தாழ்ப்பாள்களுக்குக் கொடுக்கலாமா என்பது எங்கள் பிரேரணை. சித்தியடைந்த பிள்ளைகளை ஒன்றுகூடலில் அழைத்து வாழ்த்தலாம். அதற்கு நாங்களே பரிசுப் புத்தகம் வாங்கித் தருகிறோம்.

இதற்கு எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். சென்ற வருடப் பதாகையில் மகளின் படம் இருந்த தாய்மார் இருவர் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்னும் உடன்படவில்லை. தேநீர் இடைவேளைக்குப் பின் பொதுக்கூட்டம் இருக்கிறது. செயலாளர் இந்தப் பிரேரணையை நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருக்கிறார். வாக்கெடுப்புக்கு முன் ஐந்தாம் வகுப்பு மாணவிகள் இருவரையாவது அழைத்து, பதாகையைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கும்படி தலைவியிடம் விண்ணப்பித்திருக்கிறோம். அம்மாமார் வெளியே இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.